சீட்டு முதல் காணொளி வரை

சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாலை, எங்களிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, பின்னர் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பிரிவில் பயிற்சி முடித்த ஒரு பெண் பிள்ளை நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கைப்பேசி. முகத்தில் கவலை. "ஐயா, வேலைக்கு மனுப் போட்டால் கடிதம் மட்டும் போதாதாம். ஒரு நிமிடம் பேசி, அதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டாள்.

அவளுக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மலாய் மொழியில் 'சூராட் ரஸ்மி' எழுதும் முறையும், 'டுவான்' என்று தொடங்கி 'செக்கியான், தெரிமா காசே' என்று முடிக்கும் ஒழுங்கும் நமக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் தம் முகத்தையும் குரலையும் ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் அடைத்து, முன்பின் தெரியாத முதலாளிக்கு அனுப்புவது நமக்கும் புதிது. ஆகவே அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாயிற்று. கருவிதான் புதிது, காரியம் மிகப் பழையது. வேலை கொடுப்பவர் ஓரிடத்தில் இருக்கிறார். வேலை தேடுபவர் வேறிடத்தில் இருக்கிறார். ஆள் போய்ச் சேருவதற்கு முன்னால் அவரைப் பற்றிய ஒரு சாட்சி போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சி காலந்தோறும் எந்த உருவில் போயிற்று என்பதைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

சங்க நூல்களாகிய பத்துப்பாட்டில் 'ஆற்றுப்படை' என்ற வகையைச் சேர்ந்தவை ஐந்து. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, பொருநராற்றுப்படை முதலியவற்றில், ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, "இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார்" என்று ஆற்றுப்படுத்துகிறான். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டுதல். இன்று "என் அண்ணன் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், வா" என்று நாம் சொல்வதும் அதுதானே? தமிழன் வேலை தேடிய முதல் வழி உறவின் வாய்மொழியே என்று சொன்னால் மிகையாகாது.

இத்தாலி நாட்டு ஓவியர் லியனார்டோ டாவின்சி, 1482ஆம் ஆண்டு வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுதோவிகோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். அதன் நகல் இன்றும் இருக்கிறது. உலகமே போற்றும் ஓவியர், அக்கடிதத்தில் ஓவியத்தைக் கடைசியில்தான் குறிப்பிடுகிறார். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்க்க வழி சொல்வேன் என்றுதான் தொடங்குகிறார். ஏன்? அந்தப் பிரபுவுக்கு அன்று வேண்டியது போர்க்கருவி. தம்மிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் முதலில் எண்ணிப் பார்த்திருக்கிறார். இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் அப்போதே குறித்து வைத்துக் கொண்டோம்.

இனி, நம் சொந்தக் கதைக்கு வருவோம்.

நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்தது மனுப் போட்டு அல்ல. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக, 'சஞ்சிக் கூலி' என்ற பெயரில் வந்தார்கள். அம்முறையை 1910ஆம் ஆண்டில் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. தோட்டத் துரை, தம் தோட்டத்திலேயே வேலை செய்யும் ஒருவரைக் கங்காணியாகத் தேர்ந்தெடுத்து, ஆள் சேர்க்கும் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தம் சொந்தக் கிராமத்துக்குப் போய், தம் உறவினரையும் ஊராரையும் சேர்ப்பார். கிராம முன்சீப்பிடம் காட்டி, இவர்கள் போவதற்குத் தடை இல்லை என்று ஒப்பம் வாங்குவார். பிறகு நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமுக்கு அழைத்து வருவார். அங்கே மருத்துவச் சோதனை. அதன் பின் கப்பல். பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கித் தனிமை முகாம். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். அது 1973ஆம் ஆண்டு வரை இந்தக் கடலில் ஓடியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் தொழிலாளி தம்மைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல விடவும் இல்லை. அவருக்காகப் பேசியது கங்காணியின் வாய். துரைக்குத் தெரிந்தது கங்காணியின் முகம் மட்டுமே. சேர்த்த ஆட்கள் வேலைக்கு வந்த நாள் கணக்குப்படி கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆகவே ஆளின் திறமையைவிடத் தலையின் எண்ணிக்கையே பெரிதாயிற்று. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய முகாம்களில், உள்ளங்கையைத் தொட்டுக் காய்ப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, உழைத்த கைதானா என்று முடிவு செய்ததும் உண்டு. கைதான் அன்றைய சான்றிதழ்.

கங்காணியை நாம் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அவரே நடமாடும் விளம்பரம். நல்ல வேட்டியும் கோட்டும் அணிந்து ஊருக்குள் அவர் நடந்து வந்தால், "மலாயாவுக்குப் போனால் இப்படி ஆகலாம்" என்று ஊரார் நம்பினார்கள். இலங்கைக்கு ஆள் சேர்த்தவர்கள், தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னதாக அங்குள்ள மலையக மக்கள் இன்றும் கசப்போடு சொல்வார்கள். ஆக, தன்னை அழகாகக் காட்டி ஆளை இழுக்கும் வேலையை அன்று முதலாளியின் பக்கம் செய்தது. இன்று அந்தப் பாரம் வேலை தேடும் பிள்ளையின் தோளில் ஏறியிருக்கிறது.

இலங்கையின் 'துண்டு' முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்துத் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், பழைய துரை ஒரு சிறு காகிதம் எழுதித் தருவார். இவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவரை விட்டுவிடுகிறோம் என்பதே அந்தத் துண்டின் சாரம். வேலை தேடிப் போகிறவரைப் பற்றிய சாட்சியம், அவருடைய திறமை அல்ல, கடன்! எவ்வளவு கொடுமை பாருங்கள். 1921ஆம் ஆண்டில் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் 1930ஆம் ஆண்டு வாக்கில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிக் கட்டணத்தில் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணியின் அனுமதிச் சீட்டு அத்தோடு காலாவதியாயிற்று.

நம் வடசிலாங்கூர் வட்டாரத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே. பின்னர் 1930ஆம் ஆண்டில் மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. தோட்டத்தின் பெயர் மட்டும் நம் தமிழ்ப் பெயர். பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், வடக்கே சபாக் பெர்ணம் வரையில் பால்மரமும் தென்னையும் செம்பனையுமாக எத்தனை குடும்பங்கள்! காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்தவர்கள் நம் பெற்றோர். கிராணி செக்ரோலில் பெயர் எழுதினால் வேலை உண்டு, எழுதாவிட்டால் இல்லை. தகப்பன் பால்மரம் வெட்டினால் மகனும் வெட்டுவான். அவனுக்கு மனு எதற்கு? தண்டலிடம் ஒரு வார்த்தை போதும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்பள்ளி ஆசிரியர்தான் பிற்காலத்தில் தோட்டத்தின் கடிதக்காரரும் ஆனார். ஊருக்குக் கடிதம், பிறப்புப் பத்திரத்துக்கு மனு, குடியுரிமைக்கு மனு, எல்லாம் அவர் கையெழுத்தில் போயின. 1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. அதற்காக முகத்தைப் படம் பிடித்தார்கள், கைநாட்டும் வாங்கினார்கள். தோட்டத்து மக்கள் பலருக்கும் வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றானபோது, அந்த அட்டையின் நிறமே ஒரு குடும்பத்தின் சோற்றை முடிவு செய்தது. நீலமா, சிவப்பா என்று கேட்டார்கள். எத்தனையோ பேர் அப்போது கப்பலேறித் திரும்பிவிட்டார்கள்.

1970ஆம் ஆண்டுகளில் சுங்கைவே போன்ற இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய காலம் அது. மறுபடியும் ஆற்றுப்படைதான். முதலில் போனவள் தன் தங்கையை அழைத்தாள். தங்கை தன் தோழியை அழைத்தாள். பின்னர் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையில் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். அழைத்துப் போக உறவு இல்லாத இடங்களில் எல்லாம் நம் பிள்ளைகள் தனியாக மனுப் போட வேண்டிய நிலை அப்போது உண்டாயிற்று.

சரி, முகமும் குரலும் எப்போது பயணம் செய்யத் தொடங்கின? இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல் 1946 வரை, இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களைப் படக்கருவியின் முன் நிறுத்தி, தாய்க்கும் மனைவிக்கும் சில விநாடிகள் பேச வைத்து, அந்தப் படச்சுருளை அவர்கள் ஊர்த் திரையரங்கில் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ நானூறு படங்கள் இவ்வாறு தயாராயின. 'காலிங் பிளைட்டி' என்பது அவற்றின் பெயர். மிச்சமிருக்கும் சில படங்களில், அஞ்சாமல் போர் செய்த ஆடவர்கள் படக்கருவியின் முன் திக்கித் திணறுவதைக் காணலாம். நம் பிள்ளைகள் திணறினால் அதில் வியப்பென்ன? அதன் பின்னர், 1970, 1980ஆம் ஆண்டுகளில் வளைகுடா நாடுகளுக்குப் போன தமிழரும் மலையாளிகளும் ஒலிநாடாவில் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகனின் குரலைக் கேட்டாள்.

வேலைக்காகக் காணொளி அனுப்புவது பரவியது, 2005ஆம் ஆண்டில் யூடியூப் தொடங்கிய பிறகுதான். மறு ஆண்டே ஒரு கூத்து நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஒரு பெரிய வங்கிக்கு விண்ணப்பத்தோடு காணொளி ஒன்றையும் அனுப்பினார். பளு தூக்கினார், நடனமாடினார், டென்னிஸ் பந்து அடித்தார், வெற்றியைப் பற்றி உபதேசமும் செய்தார். அது கைக்குக் கை மாறி, உலகமே சிரித்தது. வேலை கிடைக்கவில்லை. 2010ஆம் ஆண்டில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், சேர விரும்பும் மாணவர் விருப்பம் இருந்தால் ஒரு நிமிடக் காணொளி அனுப்பலாம் என்று அறிவித்தபோது ஏறத்தாழ ஆயிரம் பேர் அனுப்பினர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நேர்முகத் தேர்வு கைப்பேசிக்குள் புகுந்தது. அதே ஆண்டில் சபாவில் ஒரு மாணவி இணைய அலை கிடைக்காமல் மரத்தில் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாம் மறக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலையில் டிக்டாக் நிறுவனமே அமெரிக்காவில் காணொளி வழி வேலை விண்ணப்பத்தைச் சோதித்துப் பார்த்தது.

இதில் ஒரு முள்ளும் உண்டு. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். காணொளியில் ஆளும் ஆடையும் மட்டுமா தெரிகிறது? நிறம் தெரிகிறது, உச்சரிப்புத் தெரிகிறது, பின்னால் இருக்கும் சுவர் தெரிகிறது. இந்தியாவில் தோரட், அட்டேவெல் என்ற இரு ஆய்வாளர்கள், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரே தகுதி இருந்தும், தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்புக் குறைந்தது. வெறும் பெயருக்கே இந்தக் கதி என்றால் முகத்துக்கு? அமெரிக்க இசைக்குழுக்கள் பல, 1970ஆம் ஆண்டுகளிலேயே திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. அவர்கள் முகத்தை மறைத்தார்கள். நாம் இப்போது முகத்தை முன்னால் அனுப்புகிறோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், விண்ணப்பக் காணொளியை இயந்திர அறிவைக் கொண்டு ஆராய வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், விண்ணப்பித்தவர் கேட்டால் முப்பது நாளில் அழிக்க வேண்டும் என்ற சட்டம் 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. காணொளித் தேர்வு நடத்தும் ஹயர்வியூ நிறுவனம், முகபாவத்தை அளந்து பார்ப்பதைக் கைவிட்டதாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தது.

தேங்காயும் மாசியும் தருவதாகச் சொன்னவர்களும் புது உருவில் வந்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில், நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களை மீட்டுக் கொண்டு வர வேண்டியிருந்தது. ஆகவே பெற்றோர்களே, காணொளி கேட்கும் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் தேடச் சொல்லுங்கள். அடையாள அட்டையைப் படக்கருவியின் முன் தூக்கிக் காட்ட வேண்டாம். முன்பணம் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பிள்ளையின் கதையை விட்டுவிட்டோமே!

அவள் முதலில் தானாகவே ஒரு காணொளி எடுத்து வைத்திருந்தாள். கோலசிலாங்கூரில் ஒரு சிற்றுண்டிக் கடையின் அழகான சுவருக்கு முன்னால், அக்காளின் கோட்டைப் போட்டுக் கொண்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், "நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்று ஒப்புவித்திருந்தாள். யார் வேண்டுமானாலும் சொல்லக் கூடிய சொற்கள். ஏன் கடைக்குப் போனாய் என்று கேட்டோம். தலையைக் குனிந்து கொண்டு, "லயத்து வீடு தெரிய வேண்டாம் ஐயா" என்றாள்.

நமக்குத் தொண்டை அடைத்தது. நாமும் லயத்தில் பிறந்தவர்கள்தாம். பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளில், வீடு எங்கே என்று கேட்ட தோழனிடம் பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொன்னவர்கள்தாம்.

வீட்டைக் காட்டு என்று அவளை நாம் வற்புறுத்தவில்லை. அது அவள் உரிமை. "உனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டோம். அவள் தகப்பனார் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் பிடிப்பவர். அது பழுதானால் மகள்தான் பிரித்து மாட்டுவாளாம். அப்படியானால் அதையே காட்டு என்றோம். ஆயாக்கொட்டகையாக இருந்த பழைய கட்டடத்தின் திண்ணையில், காலை எட்டு மணிக்கு, வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி உட்கார வைத்தோம். கைப்பேசியை ஒரு மங்கின் மேல் சாய்த்து வைத்தாள் அவள் தம்பி. காற்றுச் சத்தத்தால் இருமுறை கெட்டது. கோழி கூவியதால் ஒருமுறை கெட்டது. நான்காம் முறை பெயரையும் படிப்பையும் இரண்டு வாக்கியத்தில் மலாயில் சொன்னாள். பிறகு, "இந்த இயந்திரம் சூடானதும் நின்றுவிடுகிறது, காரணத்தைக் காட்டுகிறேன்" என்று தொடங்கி, பிளக்கைக் கழற்றி, கார்ப்பரேட்டரைத் துடைத்து, மறுபடி மாட்டிக் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் ஓடவில்லை. சிரித்துக் கொண்டே இரண்டாம் முறை இழுத்தாள். ஓடியது. அந்த முதல் இழுப்பை வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இயந்திரம் பழுது பார்க்கும் ஒன்பது பட்டறைகளுக்குக் கடிதத்தோடு அதையும் அனுப்பினாள். ஏழு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடத்தில், கோப்பு பெரிதாக இருப்பதால் திறக்க முடியவில்லை என்றார்கள். அதைச் சுருக்கி அனுப்பும் முறையை நாமும் அன்றுதான் கற்றுக் கொண்டோம். ஒன்பதாவது பட்டறை கிள்ளானில் இருந்து அழைத்தது. நேரில் போனபோது முதலாளி சான்றிதழைக் கடைசியில்தான் பார்த்தாராம். ஒரு நீர் இறைக்கும் இயந்திரத்தை முன்னால் வைத்து, "இதற்கு என்ன என்று பார்" என்றாராம். மூன்று மாதம் தற்காலிக வேலை, அதன் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது அவள் தம்பி வந்து நிற்கிறான். அவனுக்குச் சமையல் கலையில் நாட்டம். அவனுடைய ஒரு நிமிடத்தை எங்கே எடுப்பது என்று கேட்டோம். "எங்கள் வீட்டு அடுப்படியிலேயே எடுக்கலாம் ஐயா" என்கிறான்.